சரக்கு ரயிலுக்காகக் காத்திருந்த ஹவுஸி

பழைய கம்ப்யூட்டர்களையும் டிவி கேம்களையும் தூசி தட்டி உயிர்ப்பிக்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் நீங்கள், என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். சால்டரிங் அயர்னை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தால் வம்பே இல்லை. சூடான பக்கத்தைப் பிடிக்கக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு சாப்பிடப் போயிருப்பேன். நீங்கள் அனுபவம் வேண்டும் என்றீர்கள். அனுபவம் என்பது சூடான பக்கத்தைப் பிடித்தவனுக்கு மட்டும் கிடைப்பது.

என் கடை ராயபுரத்தில், ரயில்வே கேட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே நான் உட்கார்ந்தால் டிவியை வெளியே வைக்க வேண்டும். டிவி உள்ளே வந்தால் நான் நடைபாதையில் நின்று ரிமோட்டால் தொழில் செய்ய வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னையில் கார்ட்ரிட்ஜ் செருகும் டிவி கேம் இல்லாத தெரு கிடையாது. அத்தனையும் ஏதோ ஒரு நாள் என்னிடம் வந்தே தீரும். கடல் காற்றுக்கும் எனக்கும் இடையே அப்படியொரு எழுதப்படாத ஒப்பந்தம்.

ஆனால் பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் வருகிறவை வேறு ரகம். ஓர் அம்மா பையைத் திறந்து டிவி கேமை மேஜையில் வைப்பார். போட்டுப் பார்ப்பேன். நன்றாக ஓடும்.

“இது நல்லாத்தானே இருக்கும்மா?”

“தெரியும் நைனா. இத்த ரிப்பேருன்னு சொல்லி உள்ள வெய்யி. பரிச்ச முடியற வரிக்கும் பார்ட்ஸு கெடைக்கலன்னு சொல்லு. எங்க வூட்டுக்காரு வந்து கேட்டாலும் அதான். அவருதான் புள்ளைய விட ஜாஸ்தியா ஆடறாரு.”

மார்ச் முடியும்வரை என் அலமாரி முழுக்க ஆரோக்கியமான நோயாளிகள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். எதையும் தொடாமல் இருப்பதற்காகக் கூலி வாங்கிய ஒரே மெக்கானிக் அந்த வட்டாரத்தில் நான்தான். இதிலிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம் எளிது: வந்து நிற்கிறவருக்கு வேண்டியது ஓடுகிற மெஷின்தான் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ஆண்டுதோறும் அலமாரி நிறையக் கற்றும் எனக்கு அது ஏறவில்லை. ஏறாமல் போனதன் விளைவுதான் எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாவில் நடந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எண்பதுகளில் கப்பல் வேலைக்குப் போன ஒருவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து காணிக்கையாகக் கொடுத்தது. தடிமனான ஒரு ஜெபப் புத்தகம் அளவுதான் இருக்கும். சாவிகள் எல்லாம் ரப்பர். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓடவிட்டால், அந்தக் கீச்சுச் சத்தத்தையே நிரலாக வாங்கிக்கொள்ளும். கோயிலில் அதற்கு இருந்த ஒரே ஊழியம், திருவிழா சாயங்காலம் ஹவுஸி ஆட்டத்துக்கு எண் எடுப்பது.

ஹவுஸி தெரியாத பிள்ளைகள் உங்களில் இருப்பீர்கள். ஒவ்வொருவர் கையிலும் எண்கள் எழுதிய ஓர் அட்டை இருக்கும். மேடையிலிருந்து ஒருவர் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். உங்கள் அட்டையில் அந்த எண் இருந்தால் அதன்மேல் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். முதலில் அட்டையை முழுக்க மூடியவர் “ஹவுஸ்!” என்று கத்தினால் பரிசு. அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களைப் போல ஆட்டத்துக்கு ஆட்டம் புது அட்டை கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த அட்டை. ஹார்பரில் உடைத்த பெட்டிப் பலகையில் செய்து, வண்ணமடித்து, வீட்டில் திருவுருவப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த அட்டைகூட உண்டு. ராசியில்லாத அட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னால், ராசியில்லாத கணவரை மாற்றிக்கொள்ளச் சொன்னது போல் முறைப்பார்கள்.

எண்களைக் கூப்பிடுகிறவர் அமல்தாஸ் அண்ணன். ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். ஷிஃப்ட் முழுக்க அத்தனை உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதர். கீழே இருப்பவன் கையை ஆட்டினால் இவர் லிவரை ஆட்டுவார். பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. அப்படிச் சேர்த்து வைத்த ஒரு வருடப் பேச்சையும் திருவிழா மைக்கில் ஒரே சாயங்காலத்தில் கொட்டுவார். எண்ணை வெறும் எண்ணாகச் சொல்ல மாட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் உண்டு.

“சொதந்திரம் வந்துச்சு, சோறு வர்ல — நாப்பத்தேழு!”

“தாத்தா, கட்டில காலி பண்ணு — தொண்ணூறு!”

“ஒண்டிக்கட்ட லாரன்சு — ஒண்ணு!”

லாரன்ஸ் என்பவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், ஹார்பரில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட். கல்யாணமாகாதவர். செல்போன் புதிதாக வந்த காலத்திலேயே இடுப்பில் ஒன்றும் சட்டைப் பையில் ஒன்றுமாக இரண்டு வைத்திருந்தவர். அந்த ‘ஒண்ணு’ வரும்போதெல்லாம் ஊரே திரும்பி அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவரும் சிரிப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த மைக் ஒரு நாள் தன் கைக்கு வர வேண்டும் என்பது லாரன்ஸின் வாழ்நாள் லட்சியம்.

கம்ப்யூட்டரை இயக்குவதும் அமல்தாஸ் அண்ணன்தான். முறை இது: மெஷினைப் போடுவார். கேசட்டை ஓடவிடுவார். அந்தக் கீச்சுச் சத்தம் மைக் வழியாகக் குழாய் ஒலிபெருக்கிக்குப் போய், பேயோட்டுவது போல் ராயபுரம் முழுக்கக் கேட்கும். புதிதாக வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பழகியவர்கள் எழுந்து கட்லெட் வாங்கப் போவார்கள். நிரல் ஏறி முடிந்ததும் ‘ஏதாவது ஒரு சாவியை அமுக்கவும்’ என்று திரையில் வரும். அண்ணன் உடனே அமுக்க மாட்டார். டீ குடிப்பார், யாரையாவது வம்புக்கு இழுப்பார், செருப்பைத் தேடுவார், பிறகு வந்து அமுக்குவார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் மெஷின் உறைந்துபோகும் என்பதால், அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து கேசட், கீச்சு, கட்லெட், டீ.

ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் அந்த மெஷினைத் தட்டிக்கொட்டி எழுப்பி உட்கார வைப்பது என் வேலை. அந்த வருடம் அது எழுந்திருக்க மறுத்துவிட்டது. உள்ளே உப்புப் பூத்து, முக்கியமான சிப் போய்விட்டிருந்தது. மாற்றுவதற்கு உலகத்திலேயே கிடைக்காத சிப்.

நான் கலங்கவில்லை. எமுலேட்டர் என்ற விஷயம் அப்போதுதான் எனக்குக் கைவந்திருந்தது. புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டரின் வேஷம் கட்டி ஆடவிடும் மென்பொருள். கேசட்டின் கீச்சைப் பதிவு செய்து கொடுத்தேன். என் கடைக் கம்ப்யூட்டர் ரப்பர் சாவி மெஷினாகவே மாறி, அதே கட்டை எழுத்தில், அதே கேவலமான பச்சை நிறத்தில் வந்து நின்றது. கண்ணில் நீர் வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எமுலேட்டரில் ஒரு சித்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை ஒரு நொடியில் அப்படியே உறைய வைத்துக் கோப்பாகச் சேமிக்கலாம். பிறகு எப்போது திறந்தாலும், இடையில் ஒன்றுமே நடக்காதது போல் அந்த நொடியிலிருந்து எழுந்து ஓடும். நான் என்ன செய்தேன்? கீச்சுச் சத்தம் எதற்கு, காத்திருப்பு எதற்கு என்று, நிரலை ஏற்றி, சாவியையும் நானே அமுக்கி, முதல் எண் வாசலில் வந்து நிற்கும் கட்டத்தில் உறைய வைத்துச் சேமித்தேன். இனி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்தக் கோப்பைத் திறந்தால் போதும்; அடுத்த விநாடி ஆட்டம். நாகரிகம் ராயபுரத்துக்கு என் மூலமாக வருகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. அன்று மதியம் அமல்தாஸ் அண்ணனின் மனைவி ரோஸ்லின் அக்கா வீட்டில் சாப்பிட்ட வஞ்சிர மீன் குழம்பும் அந்த நினைப்புக்கு உதவியது.

திருவிழா சாயங்காலம். மைதானம் கொள்ளாத கூட்டம். மேடையில் மூன்று பரிசுகள்: முதல் ஆட்டத்துக்குக் குக்கர், இரண்டாவதுக்கு மிக்ஸி, மூன்றாவதுக்கு ரிப்பன் கட்டிய ஃபிரிட்ஜ். என் கடைக் கம்ப்யூட்டரை மேடை விளிம்பில் வைத்துக் கீழே நின்று இயக்கினேன். கோப்பைத் திறந்தேன். அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

“சொதந்திரம் வந்துச்சு, சோறு வர்ல — நாப்பத்தேழு!”

முதல் ஆட்டத்தில் “ஹவுஸ்!” என்று கத்தியது ரோஸ்லின் அக்கா. மைதானமே கைதட்டியது. காரணம் இருந்தது. அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆடுகிறார். ஒரு கரண்டிகூட ஜெயித்ததில்லை. கணவரே கூப்பிட்டும் தோற்கிற பெண்மணி என்று ஊரில் பேர். குக்கரைக் கைக்குழந்தை போல் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது ஆட்டம். கோப்பைத் திறந்தேன். கட்லெட் வாங்க எழுந்தவர்கள், ஆட்டம் ஆரம்பித்துவிட்டதைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பி ஓடி வந்தார்கள்.

“சொதந்திரம் வந்துச்சு, சோறு வர்ல — நாப்பத்தேழு! தாத்தா, கட்டில காலி பண்ணு — தொண்ணூறு! ஒண்டிக்கட்ட லாரன்சு — ஒண்ணு!”

“இன்னா அண்ணாத்தே, அத்தயே சொல்லிகினு கீற? புச்சா எதுனா உடு!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

யாரும் சந்தேகப்படவில்லை. அண்ணன் வருடாவருடம் அதே வசனங்களைத்தான் சொல்வார். ஆட்டத்துக்கு ஆட்டமும் சொல்வார். எண் திரும்பி வருகிறதா, வசனம் திரும்பி வருகிறதா என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அப்போது, இடைவெளியே இல்லாமல் ஆட்டத்தை ஆரம்பித்த என் சாதனையை யாராவது பாராட்டுகிறார்களா என்று கூட்டத்தில் முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

“ஹவுஸ்!”

மறுபடியும் ரோஸ்லின் அக்கா. இந்தத் தடவை கைதட்டல் இல்லை. யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது. நகர்த்தியவர் லாரன்ஸ். எழுந்து நின்றார்.

“ஃபாதர், ஒரு டவுட்டு. இத்தினி குடும்பம் குந்திகினு கீது. கூப்டறவரு பொண்டாட்டிக்கே ரெண்டு தபாவும் உய்ந்துச்சே, அது எப்டி? அடுத்தது ஃபிரிட்ஜு. அத்தயும் வூட்டுக்கே நேரா அனுப்பிடலாமா?”

கூட்டம் முதலில் முணுமுணுத்தது. பிறகு சத்தமாகவே முணுமுணுத்தது. அமல்தாஸ் அண்ணனின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. மைக்கை மேஜைமேல் வைத்தார். ஹவுஸி நடக்கும்போது அந்த மைக் அவர் கையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. மேடையிலிருந்து கீழே இறங்கி மனைவியிடம் போனார்.

“ரோஸு, குக்கரையும் மிக்ஸியையும் குட்த்துடும்மா. மானம் போவுது.”

“எதுக்கு? நா இன்னா திருட்னனா?” அக்காவுக்கு மைக் தேவைப்படவில்லை. “இத்தினி வர்சம் தோத்துகினே இருந்தேனே, அப்ப யார்னா வந்து டவுட்டு கேட்டீங்களா? நா தோத்தா நாயம், ஜெய்ச்சா திருட்டா? தரமாட்டேன். யார் வந்து கேட்டாலும் தரமாட்டேன்.”

லாரன்ஸ் மேடையருகே வந்தார். “அப்ப மைக்க வேற யார்கிட்டனா குடுங்க ஃபாதர். வேற யாரும் இல்லன்னா நான்கூட…”

எங்கள் பங்குத் தந்தையான ஃபாதர் மென்மையான மனிதர். அண்ணனைப் பார்த்து, “அமல்தாஸ், எனக்கு உன்மேல சந்தேகம் இல்ல. ஆனா ஜனங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். சொல்ல முடியலன்னா, இனிமே நீ கூப்பிடறது சரிப்படாதுப்பா” என்றார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கிரேன் கூண்டிலிருந்து கீழே பார்க்கும் பார்வை அது. கை காட்ட யாராவது இருக்கிறார்களா என்று தேடும் பார்வை. ‘திருடன்’ என்ற பெயரோடு மறுநாள் அந்தக் கூண்டுக்கு ஏறிப் போனால், அங்கே அவருக்குத் துணையாக அந்தச் சொல் மட்டும்தான் இருக்கும்.

நான் கோப்பைத் திறந்து, மெதுவாக ஒரு சாவியைத் தட்டினேன். நாற்பத்தேழு. இன்னொரு தட்டு. தொண்ணூறு. இன்னொன்று. ஒன்று. மூடிவிட்டு மறுபடியும் திறந்து தட்டினேன். மறுபடியும் நாற்பத்தேழு.

நண்பர்களே, கம்ப்யூட்டருக்குச் சொந்தமாகக் குருட்டாம்போக்கு கிடையாது. மெஷினைப் போட்ட நொடியிலிருந்து உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நாம் சாவியை அமுக்கும்போது அந்தக் கணக்கு எங்கே நிற்கிறதோ, அதை வைத்து எண்களைக் கலைக்கும். இத்தனை வருடமும் எங்கள் ஹவுஸியைக் கலைத்தது அமல்தாஸ் அண்ணனின் டீயும் வம்பும் காணாமல்போன செருப்பும்தான். அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் ஊரின் அதிர்ஷ்டம் முழுவதும் இருந்தது. நான் அதைத் தாமதம் என்று நினைத்து வெட்டி எறிந்துவிட்டேன். நான் உறைய வைத்த கோப்பில் ஒரே ஒரு கலைப்புதான் உண்டு. அதை எத்தனை முறை திறந்தாலும் அதே எண்கள், அதே வரிசையில். மாறாத அட்டைகளும் மாறாத எண்களும் சேர்ந்தால், ஜெயிக்கிறவரும் மாற மாட்டார்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, ‘ஊழ்வினை’ என்று இலக்கியமாகச் சிரித்துக்கொண்டு நிற்பது. என் கடைக்கு அது நல்லது. இன்னொன்று, மேடையேறுவது. அண்ணன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறினேன்.

ஏறியதும் முட்டாள்தனமான ஒரு காரியம் செய்தேன்: விளக்கினேன். எமுலேட்டர் என்றால் என்ன, நிலையைச் சேமிப்பது என்றால் என்ன, கணக்கு எப்படி ஓடும் என்று, கையில் கட்லெட்டோடு நின்ற நூற்றுக்கணக்கான மனிதர்களுக்கு விரிவுரை ஆற்றினேன்.  பிறகு லாரன்ஸ் சொன்னார்:

“ஆக, எந்த நம்பர் வரணும்னு உள்ள வெச்சது நீ. வந்தது அந்தம்மாவுக்கு. மத்தியானம் அவுங்க வூட்ல மீன் கொழம்பு துன்னதும் நீதானே? தெருவே பாத்துச்சு.”

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி. பழுது என்ன என்று கூட்டத்துக்கு விளக்காதீர்கள். ஓட்டிக் காட்டுங்கள். விளக்கம் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு திருட்டுத்தனமாகத் தோன்றும்.

திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். “மைக்கில் யாரும் வேண்டாம். மெஷினை மறுபடி ஓட்டுகிறேன். அடுத்து என்ன வரும் என்று நீங்களே சொல்லுங்கள்” என்றேன்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சொதந்திரம் வந்துச்சு…”

“சோறு வர்ல!” என்றது பாதி மைதானம்.

தட்டினேன். நாற்பத்தேழு.

“தாத்தா, கட்டில காலி பண்ணு!” இப்போது முழு மைதானமும். தட்டினேன். தொண்ணூறு. அடுத்ததற்கு நான் சாவியைத் தொடுவதற்கு முன்பே ஊரே லாரன்ஸ் பக்கம் விரலை நீட்டி, “ஒண்டிக்கட்ட லாரன்சு!” என்று கூவியது. ஒன்று. அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. “கேட்டுக்கு வெளிய போ, பென்சன் வாங்கு — அறுவது!” “ரெட்ட ஜடை, ரெட்ட நாக்கு — இருவத்திரெண்டு!” ஒருவருக்கு மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். கிழவர்கள் எழுந்து நின்று கூப்பிட்டார்கள். கடைசி எண்ணுக்கு ஊரே சேர்ந்து “ஹவுஸ்!” என்று கத்தி, ரோஸ்லின் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டது.

அமல்தாஸ் அண்ணன் மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் வசனம் ஒவ்வொன்றும் தன் வாய் இல்லாமலே மைதானத்தில் வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அவற்றை யாரும் கேட்பதில்லை என்று அவர் நினைத்திருந்தார் போலிருக்கிறது.

ஃபாதர் தீர்ப்புச் சொன்னார். முதல் ஆட்டத்தில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குக்கர் ரோஸ்லினுடையது. இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தின் எதிரொலி. எதிரொலிக்கு மிக்ஸி கிடையாது. அக்கா ஃபாதரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மிக்ஸியைக் கொண்டுபோய் மேடையில் வைத்துவிட்டு, ஜாரின் மூடியை மட்டும் கொஞ்ச நேரம் பிரிய மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

லாரன்ஸ் விடவில்லை. “சரி, மிஷினு கிளிப்புள்ள. ஒத்துக்கறேன். அப்ப ஃபிரிட்ஜுக்கு?”

நியாயமான கேள்வி. கேசட்டை எமுலேட்டரிலேயே பழைய முறையில், கீச்சோடு முதலிலிருந்து ஏற்றுவதாகச் சொன்னேன். ஆனால் சாவியை யாராவது, எப்போதாவது, எதிர்பாராத ஒரு நொடியில் அமுக்க வேண்டும். யார் அமுக்குவது? அண்ணன் அமுக்கினால் லாரன்ஸ் விடமாட்டார். நான் அமுக்கினால் மீன் குழம்பு குறுக்கே வரும். ஃபாதர் எதையும் மணியடித்தாற்போல் நேரத்துக்குச் செய்பவர். அவரிடம் எதிர்பாராதது எதுவுமே கிடையாது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு துறைமுகத் தொழிலாளி சொன்னார்: “ஹார்பர் கூட்ஸு வண்டி கீதே? அது கூவும்போது அமுக்கு. அது எப்ப வரும்னு ரயில்வேக்கே தெரியாது!”

மைதானம் ஒரே குரலில் ஒப்புக்கொண்டது. அந்தச் சரக்கு ரயிலுக்கு நேரம் என்ற ஒன்று இல்லை என்பதில் ராயபுரத்தில் எல்லா மதத்தாரும் எல்லாக் கட்சியாரும் ஒற்றுமை. “அப்படியானால் அமுக்கப்போவது லாரன்ஸ்” என்றேன் நான். லாரன்ஸ் திகைத்தார். நான் சொல்ல வந்ததில் மீதிப் பாதி இதுதான்: மெஷினை யார் நம்பவில்லையோ, சாவியை அவர் விரலில் கொடுங்கள்.

கேசட்டை ஓடவிட்டேன். அந்தப் பேய்க் கீச்சு ஊருக்கு மேலே எழுந்தபோது பெருமூச்சும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம் வந்தது. கட்லெட் கடைப் பெண்கள் அன்று முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நிரல் ஏறி நின்றது. லாரன்ஸ் விரலைச் சாவிக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் காது கொடுத்தோம்.

ரயில் வரவில்லை.

பொழுதன்றைக்கும் கேட்டை மூடவைத்து, பள்ளிக்குப் போகிறவனையும் பிரசவத்துக்குப் போகிறவளையும் நிற்க வைத்த ரயில், அன்று எல்லோரும் வா வா என்று காத்திருந்தபோது வரவில்லை. அதைச் சபித்தே வளர்ந்த ஜனங்கள் அதற்காக ஜெபமாலை உருட்டினார்கள். ஒரு கப்பல் ஊதியது. லாரன்ஸின் விரல் துடித்தது. “கப்பலு கணக்குல கெடியாது!” என்று பாதிப் பேர், “கூவல்னா கூவல்தான்!” என்று மீதிப் பேர். ஃபாதர் எழுந்து, கப்பல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். கட்லெட் தீர்ந்தது. போண்டா வந்தது. லாரன்ஸின் இடுப்பில் ஒரு செல்போன் அடித்தது, “எடுக்காத! வெரல எடுக்காத!” என்று ஊரே அலறியது. “கை மரத்துப்போச்சுபா” என்றார் அவர், பரிதாபமாக. ரோஸ்லின் அக்கா எழுந்து போய் அவர் வாயில் ஒரு போண்டாவை வைத்துவிட்டு வந்தார். “துன்னுகினே அமுக்கு” என்றார்.

வாய் நிறைய போண்டாவோடு அவர் இருந்தபோதுதான், கேட்டுப் பக்கமிருந்து நீளமாக, அடிவயிற்றிலிருந்து, அது கூவியது. லாரன்ஸ் திடுக்கிட்டு, ஒரு சாவிக்குப் பதில் நான்கு சாவிகளை அமுக்கினார். ரயிலைப் பார்த்து மைதானம் கைதட்டியது. ரயில் ஓட்டுநர் என்ன நினைத்தாரோ, இன்னொரு முறை கூவிவிட்டுப் போனார்.

ஃபாதர் மைக்கை எடுத்து அமல்தாஸ் அண்ணனிடம் நீட்டினார். “கூப்பிடுப்பா.”

அண்ணன் மேடையேறினார். திரையைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ‘சொதந்திரம்’ என்ற சொல் அத்தனை தொண்டைகளிலும் ஏறி நிற்பது எனக்குத் தெரிந்தது.

“எட்டு” என்றார் அண்ணன். வசனமில்லை. வெறும் எட்டு.

எட்டு என்ற எண்ணுக்கு அப்படியொரு ஆரவாரம் அதற்கு முன் கிடைத்திருக்காது. நாற்காலிகள் உருண்டன. யாரோ லாரன்ஸைத் தூக்கிவிட்டார்கள். அந்த அமளிக்கு நடுவே ரோஸ்லின் அக்கா தன் நாற்காலிமேல் ஏறி நின்றார். தாய்வீட்டுச் சீராக வந்த அட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, கூட்டத்தின் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“எட்டு இல்ல! பாத்துக்குங்க, என்கிட்ட எட்டு இல்ல! லாரன்சு, நீ நல்லா பாத்துக்க, எட்டே இல்லப்பா!”

ஜெயிக்க வந்த ஓர் ஆட்டத்தில், எண் கையில் இல்லை என்பதற்காக ஒருவர் அப்படிக் கூத்தாடி நான் பார்த்ததில்லை. அக்கா இறங்குவதாக இல்லை. ஐந்தாறு வரிசைக்கு அப்பாலிருந்தவர்களும் பார்க்கட்டும் என்று எம்பிக்கொண்டிருந்தார்.

குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. அமல்தாஸ் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராயபுரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“ரோஸு, உக்காரும்மா. அடுத்த நம்பர் கூப்டணும்.”